தொடாதே என்பது விதி

ஷெட்லாந்தின் வடக்கே, ஸ்கெல்வா வளைகுடாவில்
காற்று கொஞ்சம் கண்ணயர்வது
மார்ச் மாதத்து மூன்றாம் வாரத்தில் மட்டும்.
அதற்குள் எங்கள் வேலை முடிய வேண்டும்.

நான் ஓஸ்லா. மற்ற நாட்களில்
படகுத்துறையில் கார்களை வரிசையில் நிறுத்துகிறவள்.
எர்லெண்ட் மீன் பண்ணையில் வலை தைக்கிறான்.
ஜெஸ்ஸமின் பல் மருத்துவர்;
துரு எவ்வளவு ஆழம் தின்றிருக்கிறது என்று பார்க்க
அவள் கைதான் சரிப்படும்.

முப்பத்து நான்கு மீட்டரில்
இடப்பக்கமாய் ஒருக்களித்துக் கிடக்கிறது 'ஃபெல்மூர்'.
உள்ளே அறுபத்தொரு பேர்.
நட்ட கல் இல்லை அவர்களுக்கு.
படுத்த இரும்பு.

பத்தொன்பது நிமிடம், அவ்வளவுதான் நமக்கு.
பீரங்கிக் குழலில் சிக்கிய வலையை அறுக்கிறோம்.
(நண்டுகள் நன்றி சொல்வதில்லை, கிள்ளுகின்றன.)
தகட்டின் தடிமன் குறிக்கிறோம்:
போன வருடம் ஒன்பது புள்ளி இரண்டு,
இந்த வருடம் ஒன்பது.
சங்கிலியில் தொங்கும் துத்தநாகத்தை மாற்றுகிறோம்,
கப்பலை விட்டு அதைத் தின்னட்டும் கடல் என்று.
பழைய கட்டி
ஆடுகள் நக்கித் தேய்த்த உப்புக்கட்டி மாதிரி
ஒரு பக்கம் குழிந்து மேலே வரும்.

விதி எளிது.
எடுக்காதே. தொடாதே. எதையும் வைக்காதே.

இந்த முறை ஒரு பொட்டலம் வந்திருந்தது,
கிரிம்ஸ்பியிலிருந்து, முகம் தெரியாத ஒருத்தி அனுப்பியது.
'அப்பா எழுபத்து நாலில் மூழ்கியபோது
எடுத்து வந்தாராம்.
ஐம்பது வருடம் சர்க்கரை டப்பாவுக்குள் கிடந்தது.
அதனால் யாரும் சர்க்கரை அள்ளியதில்லை.
அவர் போய்விட்டார். எங்களால் வைத்திருக்க முடியவில்லை.'

ஒரு சூப் கரண்டி.
காம்பின் பின்புறம் ஆணியால் கீறிய
இரண்டு எழுத்து: டி. பி.

எடுத்ததைத் திருப்பி வைக்க
அமைச்சகத்தில் தனிப் படிவம் இல்லை.
'கழிவு கொட்டுதல்' படிவத்தில்
எர்லெண்ட் பெயரெழுதிக் கையெழுத்திட்டான்.
ஏழு மாதம் கழித்து ஒரு வரியில் அனுமதி வந்தது.

பெயர்ப் பட்டியலைப் பிரித்தோம்.
டகல் பெட்ரி, கொதிகலன் உதவியாள்.
டெஸ்மண்ட் பிரவுட், சமையலறைப் பையன், வயது பதினேழு.
யாருடையது?
ஜெஸ்ஸமின் சொன்னாள், பையனுடையதுதான்,
கரண்டி தொலையும் என்ற பயம் அந்த வயதுக்குத்தான் வரும்.
எர்லெண்ட் சொன்னான், கரி பிடித்த கைக்காரன்
தன் கரண்டியை எவனுக்கும் தரமாட்டான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

படகில் நின்று அறுபத்தொரு பெயரையும் படித்தோம்.
வழக்கமாய் மூச்சு விடாமல் படிக்கிற எர்லெண்ட்
பெட்ரிக்குப் பின் நிறுத்தினான்.
பிரவுட்டுக்குப் பின்னும்.

பிறகு இறங்கினேன்.
பச்சை கறுத்தது. கையுறைக்குள் விரல் விறைத்தது.
போன வருடக் கொடி நார் நாராய்க் கிழிந்து
நீரோட்டத்தில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தது.
அதை அவிழ்த்தேன். புதியதைக் கட்டினேன்.
அப்புறம் மூன்றாவது சாளரம்.
முழங்கை வரை உள்ளே விடலாம், அதற்கு மேல் கூடாது.

விட்டேன்.
வண்டல் எழுந்து முகமூடியை மூடியது.
என் கையே எனக்குத் தெரியவில்லை.
கரண்டி போய் விழுந்த சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன்.
கேட்கவில்லை.
கணினி மணிக்கட்டில் துடித்தது: மேலே வா, மேலே வா.

ஆறு மீட்டரில் கயிற்றைப் பிடித்துத் தொங்கியபடி
ஐந்து நிமிடம்.
வலக்கை விரல்கள் இன்னும்
எதையோ பிடித்தபடியே மடங்கியிருந்தன.

படகில் எர்லெண்ட் குடுவையிலிருந்து சூப் ஊற்றினான்.
கரண்டி எடுத்துவர மறந்துவிட்டிருந்தான்.
யாரும் கேட்கவில்லை.